கையெழுத்து வரிசையில் ஒரு நிமிடம்தான் கிடைக்கும், அவரிடம் என்ன கேட்பது?

மூன்றாம்கூடாரம் எழுதியது:

நண்பர்களே, வருகிற சனிக்கிழமை ஒரு துருவப் பயணியின் உரையைக் கேட்கப் போகிறேன். ஆள் துணை இல்லாமல் பனிச்சறுக்குக் கட்டைகளில் தென்துருவம்வரை நடந்தவர். பெயரை வேண்டுமென்றேதான் சொல்லவில்லை, சொன்னால் பேச்சு அவரைப் பற்றியே போய்விடும், எனக்கு வேண்டியது வேறு. உரை முடிந்ததும் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுத் தருவாராம். அந்த வரிசையில் நிற்கப் போகிறேன். ஒரு நிமிடம் கிடைத்தாலே பெரிது.

ஏன் இவ்வளவு யோசிக்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான்கு வருடம் செய்துகொண்டிருந்த முனைவர் பட்ட ஆய்வைப் பாதியில் விட்டவள் நான். அந்தச் சமயத்தில் யாரிடம் பேசினாலும், இன்னும் ஒரு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருக்கலாமே என்பதில்தான் வந்து நிற்கும். அப்போதுதான் இவருடைய புத்தகம் கைக்கு வந்தது. முதல் முயற்சியில் இவர் துருவத்தைத் தொடவில்லை. வானிலை நன்றாக இருக்கிறது, உணவு மிச்சம் இருக்கிறது, ஆனால் கால் விரல்கள் நிறம் மாறத் தொடங்கிவிட்டன. ஒரு இரவு முழுக்கக் கூடாரத்துக்குள் உட்கார்ந்து முடிவெடுத்து, காலையில் சாட்டிலைட் ஃபோனில் அழைத்து விமானத்தை வரச் சொல்கிறார். அந்தப் பதினோரு பக்கங்களை எத்தனை தடவை படித்திருப்பேன் என்று கணக்கே இல்லை. இப்போது புத்தகத்தைக் கையில் எடுத்தாலே அந்த இடத்தில்தான் திறந்துகொள்கிறது.

இரண்டு வருடம் கழித்து அவர் மறுபடி போனார், துருவத்தைத் தொட்டார். எல்லோரும் கொண்டாடுவது அதைத்தான், உரையின் அறிவிப்பிலும் அந்தப் படம்தான் இருக்கிறது. எனக்கு அந்த முதல் பயணத்தைப் பற்றித்தான் கேட்க வேண்டும். ஆனால் முதல் தடவை பார்க்கிற ஒருவரிடம், அதுவும் நான் இவ்வளவு மதிக்கிற ஒருவரிடம், நீங்கள் தோற்ற நாளைப் பற்றிச் சொல்லுங்கள் என்று எப்படிக் கேட்பது? என் கதையைச் சொல்ல வேண்டுமா, கேள்வியோடு நிறுத்திக்கொள்ளலாமா? வாயைத் திறந்ததும் அழுதுவிடுவேனோ என்ற பயமும் இருக்கிறது. இப்படி யாரையாவது நேரில் பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

வாசல்விளக்கு எழுதியது:

தோழி, உங்கள் பதிவைப் படித்ததும் எனக்குப் பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய ஒரு மாலை அப்படியே திரும்ப வந்துவிட்டது. நான் சந்தித்தது ஒரு மலையேற்ற வீரரை. சின்ன வயதிலிருந்து அவருடைய படத்தை மேசைக்கு எதிரே ஒட்டி வைத்திருந்தேன். வரிசையில் நாற்பது நிமிடம் நின்றேன், என்னவெல்லாமோ மனசுக்குள் அடுக்கி வைத்திருந்தேன், அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்ததும் ஒரு வார்த்தை வரவில்லை. புத்தகம் நன்றாக இருந்தது என்று மட்டும் சொன்னேன். அவர் நன்றி சொன்னார், அவ்வளவுதான், எனக்குப் பின்னால் நின்றவர் முன்னால் வந்துவிட்டார். அவர் இப்போது இல்லை. அதனால்தான் இது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

எனவே நான் சொல்வது ஒன்றுதான், சொல்ல நினைப்பதை இரண்டே வாக்கியமாக எழுதி, வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மனசுக்குள் சொல்லிப் பார்ப்பது போதாது, நாக்குக்குப் பழக வேண்டும். அழுகை வந்தால் வரட்டும். பனியில் இரண்டு மாதம் தனியாக இருந்த ஒருவருக்கு அழுகை என்றால் என்னவென்று நீங்கள் விளக்க வேண்டியதில்லை.

மேடைக்குப்பின்னால் எழுதியது:

நான் இந்த மாதிரி உரைகளுக்கு மேடை ஏற்பாடு, ஒலி ஏற்பாடு எல்லாம் செய்கிறவன். ஓரமாக நின்று நிறைய கையெழுத்து வரிசைகளைப் பார்த்திருக்கிறேன், அதிலிருந்து சில விஷயங்கள்.

முதலில் கணக்கு. வரிசையில் 150 பேர், ஆளுக்கு 40 நொடி என்று வைத்தாலே 100 நிமிடம் ஆகிவிடும். உங்களுக்கு ஒரு நிமிடம் என்பதே தாராளமான கணக்கு. அதனால் நேரத்தைத் தின்கிற சின்ன வேலைகளை முன்பே முடித்து வையுங்கள். உங்கள் பெயரைத் தெளிவாக ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, கையெழுத்துப் போடுகிற பக்கத்தில் செருகி விடுங்கள், எழுத்துக்கூட்டிச் சொல்வதிலேயே பத்துப் பதினைந்து நொடி போய்விடும். படம் வேண்டுமென்றால் ஃபோனில் கேமராவைத் திறந்து பின்னால் நிற்பவரிடம் முன்பே கொடுத்துவிடுங்கள். முடிந்தால் வரிசையின் கடைசிக்குப் போங்கள். கடைசி ஐந்தாறு பேரிடம்தான் பேச்சாளர்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பேசுவார்கள். ஆனால் அப்போது அவர்கள் களைத்தும் போயிருப்பார்கள், அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, இதுதான் முக்கியம். மேடையில் அவர் சொல்லப்போகிற கதை அவர் நூறு தடவையாவது சொன்ன கதையாக இருக்கும். எந்த இடத்தில் நிறுத்தினால் அரங்கம் மூச்சை அடக்கும் என்பதெல்லாம் அவருக்குப் பழகியிருக்கும். உங்களுக்கு உத்வேகம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் பழகிய பதில்தான் வரும், அது அவர் குற்றம் இல்லை. கேள்வி சின்னதாக, கையில் பிடிக்கிற மாதிரி இருந்தால்தான் பழகாத பதில் வரும். ஒரு தடவை ஒரு பையன், பத்து வயது இருக்கும், ஒரு துருவப் பயணியிடம், தடிமனான கையுறை போட்டுக்கொண்டு ஜிப்பை எப்படித் திறப்பீர்கள் என்று கேட்டான். அவர் முகமே மாறிவிட்டது. ஒவ்வொரு ஜிப்பிலும் ஒரு கயிற்று வளையம் கட்டியிருப்போம், கையுறையைக் கழற்றாமலே அதை இழுத்துத் திறக்கலாம், கையுறை காற்றில் பறந்துவிடாமல் இருக்க அதையும் மணிக்கட்டோடு கயிறு போட்டுக் கட்டியிருப்போம் என்று ஆரம்பித்து, வியர்வைதான் குளிரைவிடப் பெரிய எதிரி, உடம்பு சூடாவதற்கு முன்பே ஒரு மேலுடையைக் கழற்றிவிட வேண்டும், இல்லையென்றால் நின்ற நிமிடத்தில் ஈரம் உறைந்துவிடும் என்றெல்லாம் அந்தப் பையனுக்குச் சொன்னார். அந்த மேடையில் ஒன்றரை மணி நேரம் பேசியபோது இல்லாத ஒரு ஒளி அப்போது அவர் முகத்தில் இருந்தது.

அதனால் தோல்வி என்ற சொல்லையே எடுக்காதீர்கள். அந்த நாளில் நடந்த ஒரு சின்ன விஷயத்தைக் கேளுங்கள்.

நேர்கோடு எழுதியது:

மனசுக்குப் பட்டதைச் சொல்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்த ஊக்க உரைகள் ஒரு தொழில். பேசுகிறவருக்கு அது வருமானம், நிறுவனங்கள் பணம் கட்டி அழைக்கின்றன. நானும் ஒருவரை அப்படி மதித்தேன், நேரில் போனேன், என்னிடம் பேசும்போதே அவர் கண் என் தோளுக்கு மேலே வேறு யாரையோ தேடிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்து அவருடைய புத்தகத்தை மறுபடி எடுக்க மனசு வரவில்லை. அந்தப் புத்தகம் எனக்குச் செய்ததை அந்த இருபது நொடி அழித்துவிட்டது. உங்களுக்கு அந்தப் பதினோரு பக்கம் இவ்வளவு முக்கியம் என்றால் அதைப் பணயம் வைக்க வேண்டுமா என்று ஒரு தடவை யோசியுங்கள்.

இன்னொன்று. துருவப் பயணங்களில் 'தனியாக', 'உதவி இல்லாமல்' என்ற சொற்களைக் கவனமாகப் பார்க்க வேண்டும். நார்வேக்காரர் பொர்கே ஔஸ்லான் 1996-97ல் அண்டார்க்டிகாவைக் கடலிலிருந்து கடல்வரை தனியாகக் கடந்தார், 64 நாளில் சுமார் 2,845 கி.மீ., ஆனால் காற்று வாய்த்தபோது காற்றுப் பாயை விரித்துத் தன்னை இழுக்கவிட்டார், அதை அவர் மறைக்கவும் இல்லை. 2018ல் வேறொருவர் சுமார் 1,500 கி.மீ. நடந்து, காற்றின் உதவியும் இல்லாமல் கண்டத்தையே கடந்ததாக அறிவித்தார். கண்டத்தைச் சுற்றிக் கடல்மேல் மிதக்கிற பனிக்கட்டித் தட்டுகள் அந்தக் கணக்கில் வரவில்லை, பிற்பகுதியில் வாகனங்கள் போக அமைத்த பாதையிலேயே போனார் என்று மற்ற துருவப் பயணிகள் கேள்வி எழுப்பினார்கள். நடந்த தூரம் உண்மைதான், அதற்கு வைத்த பெயரில்தான் பிரச்சினை. உங்களுடையவர் அப்படி என்று சொல்லவில்லை. மதிப்பு வைப்பதற்கு முன்னால் அளந்து பார்ப்பது நல்லது என்கிறேன்.

பழையவரைபடம் எழுதியது:

நேர்கோடு சொன்ன அளக்கிற விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன், 'தொழில்' என்பதை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்லத் தோன்றுகிறது. உரைகளால் பிழைப்பது துருவப் பயணிகளுக்குப் புதிதே இல்லை. நூறு வருடத்துக்கு முந்தைய துருவப் பயணி எர்னஸ்ட் ஷாக்கில்டனின் எண்டியூரன்ஸ் கப்பல் 1915ல் அண்டார்க்டிகாவை ஒட்டிய வெடெல் கடலில் பனிக்கட்டி நெருக்கி நொறுங்கி மூழ்கியது. அதற்கு நாலு வருடம் கழித்து, கடன்களை அடைக்க வழியில்லாமல், அவர் லண்டனில் ஒரு அரங்கத்தில் ஒரு நாளைக்கு இரண்டு முறை, மாதக்கணக்கில் அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டு நின்றார். பின்னால், அந்தப் பயணத்தில் கூடப் போன படப்பிடிப்பாளர் ஃப்ராங்க் ஹர்லி எடுத்த படம் ஓடும். தன் கப்பல் நொறுங்குவதை ஒரு நாளைக்கு இரண்டு தடவை அவரே பார்க்க வேண்டியிருந்தது. அதற்குப் பணம் வாங்கினார் என்பதற்காக அவர் சொன்னது பொய் ஆகிவிடுமா? என்னால் அப்படி நினைக்க முடியவில்லை.

தோழி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். திரும்பி வந்ததைப் பற்றிக் கேட்பதில் ஒரு மரியாதைக்குறைவும் இல்லை. துருவ வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த இடங்கள் அவைதான். 1909 ஜனவரி 9, ஷாக்கில்டனும் இன்னும் மூன்று பேரும் தெற்கு அட்சரேகை 88 டிகிரி 23 நிமிடத்தில் நிற்கிறார்கள். அதுவரை மனிதர் யாரும் போகாத தெற்கு. துருவத்துக்கு மிச்சம் இருந்தது சுமார் 180 கி.மீ., போயிருந்தால் துருவத்தைத் தொட்டிருக்கலாம், திரும்ப வரும் அளவுக்கு உணவு இருந்திருக்காது. திரும்பினார். நான்கு பேரும் உயிரோடு வந்தார்கள். வருகிற வழியில் பசி தாங்க முடியாத ஒரு நாளில், ஷாக்கில்டன் தன் பங்கு பிஸ்கட் ஒன்றை அந்த நால்வரில் ஒருவரான, நோயுற்றிருந்த ஃப்ராங்க் வைல்டுக்குக் கட்டாயப்படுத்திக் கொடுத்தார். ஆயிரக்கணக்கான பவுண்டு கொடுத்தாலும் அந்த ஒரு பிஸ்கட்டை வாங்க முடியாது என்று வைல்ட் தன் நாட்குறிப்பில் எழுதி வைத்தார்.

அதே வைல்ட் 1914ல் எண்டியூரன்ஸில் மறுபடி அவரோடு போனார், கப்பல் மூழ்கிய பிறகு ஷாக்கில்டன் உதவி தேடிப் படகில் போனபோது, யானைத் தீவில் 21 பேரைத் தன் பொறுப்பில் வைத்துக்கொண்டு நாலு மாதத்துக்கு மேல் அவருக்காகக் காத்திருந்தார், 1916 ஆகஸ்ட் 30 அன்று ஷாக்கில்டன் வந்து மீட்டார். கடைசியாக 2011ல் வைல்டின் அஸ்தியை தென் ஜார்ஜியாவில் ஷாக்கில்டன் கல்லறைக்குப் பக்கத்திலேயே புதைத்தார்கள். வைல்ட் தன் தலைவரை மிக மிக அருகில், பசியிலும் அழுக்கிலும் பார்த்தவர், அப்புறமும் மதிப்பு குறையவில்லை. எனவே நேரில் பார்த்தால் மதிப்பு போய்விடும் என்பது எல்லோருக்கும் பொருந்தாது.

வென்றவர் என்று நாம் நினைக்கிற, தென்துருவத்தை முதலில் தொட்ட அமுண்ட்சென்கூடத் திரும்பியிருக்கிறார். 1911 செப்டம்பர் 8 அன்று அவசரப்பட்டுக் கிளம்பினார், குளிர் மைனஸ் 56 டிகிரிவரை போனது, முகாமுக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. திரும்பிய விதம் மோசம், கூட வந்தவர்களைப் பின்னால் விட்டுவிட்டு முன்னால் வந்துவிட்டார், யால்மர் யோஹான்சன் என்ற அனுபவசாலிதான் பின்தங்கிய இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு நடு இரவில் வந்து சேர்ந்தார். மறுநாள் அதை எல்லோர் முன்னாலும் கேட்டார் யோஹான்சன், அமுண்ட்சென் அவரைத் துருவக் குழுவிலிருந்தே நீக்கிவிட்டார். அக்டோபரில் மறுபடி கிளம்பி டிசம்பர் 14 அன்று துருவத்தில் நின்றபோது யோஹான்சன் அங்கே இல்லை. செப்டம்பரில் நடந்ததைப் பற்றி அமுண்ட்சென்னிடம் யாராவது நேருக்கு நேர் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நான் பல தடவை நினைத்திருக்கிறேன். உங்களுக்குக் கேட்க வாய்ப்பு இருக்கிறது. கேளுங்கள்.

மூன்றாம்கூடாரம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேர்கோடு, நீங்கள் எழுதியதை நான் தவறாக எடுக்கவில்லை, உண்மையில் இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் போவது என்றுதான் முடிவு செய்தேன். அவர் எப்படி நடந்துகொண்டாலும் அந்தப் பக்கங்களை நான் படித்த இரவுகள் என்னுடையவை என்று தோன்றியது. வாசல்விளக்கு, இரண்டு வாக்கியத்தைத் தினமும் கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்க்கிறேன். மூன்றாவது நாள் அழாமல் சொல்ல முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை வந்து எழுதுகிறேன்.

மூன்றாம்கூடாரம் எழுதியது:

போய்விட்டு வந்தேன். கை இன்னும் நடுங்குகிற மாதிரி இருக்கிறது, அதனால் வரிசை மாறி எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உரை நன்றாக இருந்தது. தூக்கிவிடுகிற இசை, கைதட்டச் சொல்வது எதுவும் இல்லை. சாமான் ஏற்றிய பனிவண்டியான ஸ்லெட்ஜை இழுக்கிற இடுப்புப் பட்டையை மேடைக்குக் கொண்டுவந்து மேசைமேல் வைத்திருந்தார். பட்டையின் ஒரு பக்கம் தேய்ந்து நூல் பிரிந்திருந்தது, இடது காலைக் கொஞ்சம் சாய்த்து நடக்கிற பழக்கம் தனக்கு இருந்ததை அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன் என்றார். மேகமும் பனியும் ஒரே வெள்ளையாகிவிட்ட நாட்களில் மேல் எது கீழ் எது என்று தெரியாமல் மார்பில் மாட்டிய காம்பஸை மட்டும் பார்த்துக்கொண்டு ஒன்பது மணி நேரம் நடப்பதைப் பற்றிச் சொன்னார். முதல் பயணத்தைப் பற்றி ஒரே ஒரு நிமிடம்தான் பேசினார். புத்தகத்தில் இருக்கிற அதே சொற்கள்.

மேடைக்குப்பின்னால் சொன்ன மாதிரி வரிசையின் கடைசிக்குப் போனேன், எனக்குப் பின்னால் ஒரே ஒருவர்தான். பெயர்ச் சீட்டு, புத்தகம் எல்லாம் தயார். அவர் கையை நீட்டினார். வலது கையில் இரண்டு விரல் நுனிகள் வெளுத்து, தோல் மெழுகு மாதிரி வழவழப்பாக இருந்தன. அதைப் பார்த்ததும் நான் பழகிய இரண்டு வாக்கியத்தில் முதல் வாக்கியம் போய்விட்டது. இரண்டாவதை மட்டும் கேட்டேன்: திரும்பிப் போவதென்று முடிவெடுத்த இரவு, முடிவெடுத்த பிறகு, தூங்குவதற்கு முன்னால் என்ன செய்தீர்கள்?

அவர் எழுத ஆரம்பித்த பேனாவை நிறுத்தினார். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். அப்புறம் சொன்னது இதுதான், என் நினைவில் இருக்கிறபடி எழுதுகிறேன். முடிவை அந்த இரவில் எடுக்கவில்லையாம். அதற்கு இரண்டு நாள் முன்னாலேயே, மதியம் நின்றுகொண்டே ஃபிளாஸ்கிலிருந்து சூடாகக் குடித்தபோதே தெரிந்துவிட்டதாம். தெரிந்த பிறகும் இரண்டு நாள் முழுக்க நடந்திருக்கிறார், தினமும் முகாமுக்கு ஃபோன் பண்ணி எல்லாம் சரி என்று சொல்லியிருக்கிறார். புத்தகத்தில் அதை ஒரே இரவாக எழுதிவிட்டேன், அந்த இரண்டு நாளை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை என்றார். அந்த இரவு செய்தது என்ன என்றால், கையுறையின் கட்டை விரல் பிரிந்திருந்ததை உட்கார்ந்து தைத்தாராம், விமானம் வருவதற்குள் வானிலை மாறினால் கை வேண்டுமே என்று.

எனக்குப் பேச்சே வரவில்லை. ஏனென்றால் நானும் அப்படித்தான். ஆய்வை விட்டது ஒரு மார்ச் மாதம் என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். அதற்கு ஏழு மாதம் முன்னால், ஒரு சாதாரண மத்தியானம், ஆய்வகத்தில் சோதனைக்குழாய்களில் பெயர்ச்சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தபோதே எனக்குத் தெரியும். அந்த ஏழு மாதத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை, எழுதுவது இதுதான் முதல் தடவை. இத்தனை நாளாக என்னை அரித்தது விட்டது அல்ல, தெரிந்துகொண்டே அத்தனை மாதம் எல்லாம் சரி என்று சொல்லிக்கொண்டிருந்ததுதான் என்பது அவர் முன்னால் நின்றபோதுதான் எனக்கே புரிந்தது.

நீங்கள் எதிலிருந்து திரும்பினீர்கள் என்று அவர் கேட்டார். நான் அந்தக் கதையில் ஒரு சொல்கூடச் சொல்லியிருக்கவில்லை. ஆய்வு, நாலு வருடம் என்றேன். தலையை ஆட்டினார், ஆறுதலாக எதுவும் சொல்லவில்லை, அது எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. பிறகு புத்தகம் வழக்கமாகத் திறக்கிற அந்த இடத்தைத் தானே பார்த்துவிட்டு, முதல் பக்கத்துக்குப் பதில் அங்கேயே கையெழுத்துப் போட்டார். கீழே ஒரு அட்சரேகை எண்ணை எழுதினார். வீட்டுக்கு வந்து வரைபடத்தில் தேடினேன். விமானம் வந்த இடம் புத்தகத்தில் இருக்கிறது, இது அது அல்ல, அதற்குச் சுமார் 40 கி.மீ. வடக்கே. இரண்டு நாள் முன்னால், ஃபிளாஸ்கோடு நின்ற இடம்.

வாசல்விளக்கு எழுதியது:

படித்து முடித்து வெகு நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். படம் எடுத்தீர்களா?

மூன்றாம்கூடாரம் எழுதியது:

எனக்கு நினைவே வரவில்லை. ஃபோனை வாங்கி வைத்திருந்த அந்தக் கடைசி ஆள் தானாகவே ஒன்று எடுத்திருக்கிறார். என் பின்னந்தலையும், புத்தகத்தின் மேல் அவருடைய வலது கையும் தெரிகிறது.

நேர்கோடு எழுதியது:

நான் அந்தப் புத்தகத்தை இன்று அலமாரியிலிருந்து எடுத்தேன். பாதி படித்திருக்கிறேன்.